குன்னூர் சி வகுப்பு: மேக்ரோ அருமை, பாயின்டர் பாதிதான்

மேக்ரோவுக்காக (ஒரு பெயர் வரும் இடத்திலெல்லாம் வேறு கோடைப் போட்டுவிடும் வசதி) என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம், பாயின்டரை (மெமரி முகவரியை வைத்திருக்கும் வேரியபிள்) சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று போனால் கொஞ்சம் ஏமாற்றம்தான். குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற சி புரோகிராமிங் வகுப்பு இது. கோத்தகிரி, வெலிங்டனிலிருந்து வந்து, கோவையில் எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள்) வேலை தேடுகிற பசங்கதான் அதிகம்.

சார் முதலில் எல்லாரையும் ஜிசிசி என்ற சி கம்பைலரை மைனஸ் ஈ போட்டு, மேக்ரோவை விரிக்கிற முதல் கட்டமான ப்ரீபிராசசரோடு நிறுத்தி ஓட்டச் சொல்கிறார். ப்ரீபிராசசர் மாற்றிவைத்ததுதான் கம்பைலருக்குப் போகிறது, மேக்ரோ என்ற ஒன்றை அது பார்ப்பதே இல்லை என்பது அங்கேயே உறைக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் மேக்ரோவை டிஃபைன் செய்தால் அது அந்த ஃபங்ஷனோடு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா, அன்டெஃப் போட்டு நீக்காவிட்டால் ஃபைல் முடியும் வரை கீழே உள்ள எல்லா ஃபங்ஷனிலும் அது உயிரோடுதான் இருக்கும்.

அப்புறம் வந்த, இரண்டு வேரியபிளின் மதிப்பை மாற்றிப் போடுகிற ஸ்வாப் மேக்ரோதான் வகுப்பிலேயே சிறந்த பகுதி. மேக்ரோவுக்குள் டெம்ப் என்று ஒரு வேரியபிள் இருக்கிறது, அதைக் கூப்பிடுகிற இடத்திலும் டெம்ப் என்றே ஒன்று இருந்து அதையே உள்ளே கொடுத்தால், உள்ளே அறிவிக்கிற புது டெம்ப் தன்னையே தனக்கு ஆரம்ப மதிப்பாக வைத்துக்கொள்கிறது, வெளியே இருக்கிற டெம்ப்பை யாரும் தொடுவதே இல்லை. கடைசியில் இரண்டு மதிப்பும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜிசிசியில் மைனஸ் வால் (வழக்கமான எச்சரிக்கைகளைக் கேட்கும் ஆப்ஷன்) போட்டாலும் சத்தமே வராது, ஷேடோ (உள்ளே உள்ள பெயர் வெளியே உள்ளதை மறைக்கிறது) மாதிரி எச்சரிக்கையைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். சார் இதை முதலில் விளக்காமல், ஏன் மாறவில்லை என்று எங்களையே தேடவிட்டார். டீ இடைவேளையில் வர்க்கியைக் கடித்துக்கொண்டே ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம், ஒன்றும் தேறவில்லை. இஃப், எல்ஸ் நடுவில் செமிகோலன் உடைக்காமலிருக்க மேக்ரோவை டூ வைல் ஜீரோவில் (ஒரே முறை ஓடும் லூப்) சுற்றுவதையும் சொல்லிக் கொடுத்தார், அது வழக்கமான பாடம்தான்.

பாயின்டரில் நல்ல தொடக்கம். கேர் ஸ்டாரை (கேர், அதாவது எழுத்து டைப்பைக் காட்டும் பாயின்டர்) மேக்ரோவாக வைத்து ஒரே வரியில் இரண்டு வேரியபிள் அறிவித்தால் இரண்டாவது வெறும் கேர்தான், டைப்டெஃப் (டைப்புக்கே புதுப் பெயர் வைப்பது) என்றால் இரண்டுமே பாயின்டர். சரி, அதற்கு மேல்தான் சறுக்கல். மெமரியை ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே பாயின்டரில் நல் (எதையும் காட்டாத மதிப்பு) வைக்கிற ஒரு மேக்ரோவைக் கொடுத்து, இதைப் போட்டால் இனி பயமில்லை என்று முடித்துவிட்டார். எப்படி பயமில்லாமல் போகும்? அந்த முகவரி இன்னொரு பாயின்டரில் இருந்தால் அது அப்படியே செத்த இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். பாயின்டர் அரேயில் ஸ்டார் பி பிளஸ் பிளஸ் என்று நகர்ந்துகொண்டே அந்த மேக்ரோவைக் கூப்பிட்டால் இன்னும் மோசம், மேக்ரோவுக்குள் அது இரண்டு முறை வருவதால் முதல் கட்டத்தில் உள்ளதை ஃப்ரீ செய்துவிட்டு, நல்லை இரண்டாவது கட்டத்தில் வைக்கும். முதலாவது செத்த இடத்தைக் காட்டித் தொங்கும், இரண்டாவதன் மெமரி கைவிட்டுப் போகும். காலையில் இரண்டில் பெரியதைத் தரும் மேக்ஸ் மேக்ரோவில் ஐ பிளஸ் பிளஸ் இரண்டு முறை ஏறுவதைக் காட்டியவரே மதியம் இதை விட்டது எனக்கு ஆச்சரியம். இப்படிப்பட்ட மெமரி தவறுகளை ஓடும்போதே பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற பெயரே வகுப்பில் வரவில்லை. சி மொழியின் 1999 தரமான சி99இல் வந்த இன்லைன் ஃபங்ஷனையும் (மேக்ரோ போலன்றி, கொடுத்ததை ஒரே முறை கணக்கிடும்) போகிறபோக்கில் சொன்னார், மேக்ஸ் மாதிரி சின்ன வேலைக்கு டைப் ஒன்றுதான் என்றால் அதுவே போதும்.

கட்டணம் நியாயம்தான், கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாத ஆள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிடையாது, லேப்டாப்பை முழுசாக சார்ஜ் போட்டு எடுத்துப் போங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் காலையில் சீக்கிரமே பஸ் பிடிப்பது நல்லது, மழை நாளில் பர்லியார் பக்கம் மரம் விழுந்தால் எப்போது மேலே வந்து சேர்வோம் என்று சொல்ல முடியாது.