முன்னங்கால் எடுத்த நாய்க்கு கைப்பிடி வச்ச ஹார்னஸ்: ரெண்டு மாசத்துக்கு மேல போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

எங்க நாய் செவலைக்கு இடது முன்னங்காலை எடுத்து மூணு மாசம் ஆச்சு. 9 வயசு, 28 கிலோ. தோள்மூட்டுக்கு பக்கத்துல எலும்புல கேன்சர், ஆஸ்டியோசர்கோமான்னு சொல்வாங்க. பெரிய ஜாதி நாய்ங்களுக்கு அதிகமா வர்ற வகை. மொதல்ல லேசா நொண்டுனா, எங்கயோ குதிச்சு சுளுக்கிக்கிட்டான்னு நெனச்சோம், டாக்டர் குடுத்த வலி மாத்திரையில ரெண்டு நாள் நல்லா நடப்பா திரும்ப நொண்டுவா, கடைசில எக்ஸ்ரே எடுத்தப்ப தான் எலும்பு அரிச்சுப் போயிருந்தது தெரிஞ்சுது. அதுக்கப்புறம் யோசிக்க நேரமே இல்ல. அந்த எலும்பு எப்ப வேணா உடையும், வலி மாத்திரைக்கு அடங்காது, காலை எடுக்குறது தான் வலியை நிறுத்துற வழின்னு டாக்டர் சொன்னாங்க.

இத முதல்ல சொல்றதுக்கு காரணம் இருக்கு. காலை எடுத்தா வலி போகும், நோய் முழுசா போயிடாது. அது கண்டுபிடிக்கும்போதே பெரும்பாலும் நுரையீரல் பக்கம் கண்ணுக்குத் தெரியாம போயிருக்கும். காலை மட்டும் எடுத்தா பொதுவா 4, 5 மாசம், கீமோவும் (கேன்சருக்கு குடுக்குற மருந்து) சேத்து குடுத்தா 10லருந்து 12 மாசம், சில நாய்ங்க அதுக்கு மேலயும் இருக்கும்னு சொல்றாங்க. நாங்க கீமோ குடுக்குறோம். இப்படி எண்ணி வச்ச மாசத்துல ரெண்டு வாரம் தப்பான ஹார்னஸ்னால (நாய் உடம்பைச் சுத்தி மாட்டுற பட்டை) வீணாப் போச்சு, அது உங்களுக்கு நடக்கக் கூடாதுன்னு தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

கம்பெனி பேர் போடல. இதே அமைப்புல நிறைய பேர் பண்றாங்க, பேரை விட எங்க பெல்ட் வருது எங்க கைப்பிடி வருதுங்கறது தான் விஷயம்.

மொதல்ல வாங்குனது சாதாரணமா வாக்கிங்குக்கு போடுற மாதிரி நெஞ்சுல ஒரு பட்டை, வயித்துக்கு முன்னாடி ஒரே ஒரு பட்டை, முதுகுல சின்னதா ஒரு கைப்பிடி. பாக்க நல்லா தான் இருந்துச்சு. போட்டு நாலு எட்டு நடந்ததும் மொத்தமா இடது பக்கம் சரிஞ்சு தொங்குது. இறுக்குனா மூச்சு வாங்குறா, தளர்த்துனா சரியுது. நான் அளவு தப்புன்னு நெனச்சு சின்ன சைஸ் மாத்தி வாங்குனேன், அதுவும் அதே கதை. அப்புறம் ஒருநாள் அவ முதுகுல கை வச்சு தடவிப் பாத்தப்ப தான் புரிஞ்சுது. முன்னங்காலை எடுக்கும்போது பெரும்பாலும் தோள்பட்டை எலும்பையும் சேத்து தான் எடுப்பாங்க. வலது பக்கம் தோள்பட்டை மேடா இருக்கு, இடது பக்கம் நேரா விலா எலும்பு, வழுவழுன்னு சரிவா இறங்குது. ஹார்னஸ் பிடிச்சு நிக்க அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. நாலு கால் நாய்க்கு தச்சது எப்படி நிக்கும்? கைப்பிடி முதுகுல இல்லாம விலாவுக்கு வந்துடும், நாம தூக்குனா அவளை ஒருபக்கமா முறுக்குற மாதிரி ஆகும். ஒரு தடவை நிலைப்படிகிட்ட அப்படி ஆகி தாடை தரையில இடிச்சுது. சத்தம் போடல, என்னையே பாத்துக்கிட்டு படுத்துட்டா. அன்னைக்கே அதைக் கழட்டி வச்சுட்டேன்.

ரெண்டாவது வாங்குனது தான் இப்ப வரைக்கும் போடுறது. முதுகு நீளத்துக்கு மெத்துன்னு ஒரு துணி, அதுக்கு நெஞ்சுல ஒரு பட்டை, முன்னங்காலுக்குப் பின்னாடி ஒரு பட்டை, விலா முடியற இடத்துல இன்னொரு பட்டை. இந்த கடைசிப் பட்டை தான் மொத்த வேலையும் செய்யுது. ரெண்டு இடத்துல உடம்பைச் சுத்திப் பிடிக்கறதால தோள்பட்டை இல்லாத பக்கமும் சரியல. கைப்பிடி தோளுக்குக் கொஞ்சம் பின்னாடி வருது, முன்னங்கால் போன நாய்க்கு அங்க தான் வேணும், ஏன்னா விழறது முன்பக்கம். நாய் உடம்பு எடையில ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்ல தான் நிக்கும், ரெண்டு கால் சுமந்ததுல பெரும்பங்கை இப்ப ஒரே கால் சுமக்குது.

காலி பக்கத்துல இருக்குற, கால் நுழைக்கிற ஓட்டை தான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். அங்க கால் இல்ல, பட்டை தொளதொளன்னு தொங்கும். எவ்ளோ இழுக்க முடியுமோ அவ்ளோ இழுத்து சுருக்கிட்டு, மிச்ச வாரை மடிச்சு உள்ள சொருகி நூல் போட்டு தச்சுட்டேன். பழைய காட்டன் துணியை விரல் கனத்துக்கு சுருட்டி அந்தப் பக்கம் உள்வாட்டத்துல வச்சு தச்சேன், தோள்பட்டை மேட்டுக்கு பதிலா. இத பண்ணப்புறம் கைப்பிடி நடு முதுகுலயே நிக்குது. கொக்கி ரெண்டு பக்கமும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. ஒரு பக்கம் மட்டும் கொக்கி இருந்து அது காலி பக்கமா அமைஞ்சா, மாட்டணும்னா இருக்குற ஒரே காலையும் தூக்கி ஓட்டைக்குள்ள விட வேண்டி வரும். அந்தக் காலைத் தூக்குனா அவ எதுல நிப்பா? படுத்தபடியே மாட்டுற மாதிரி தான் இருக்கணும்.

முக்கியமானது, தையல் பிரிக்கிற வரைக்கும் எந்த ஹார்னஸும் வேண்டாம். 10லருந்து 14 நாள்ல பிரிப்பாங்க. அதுவரைக்கும் எங்களுக்கு ஒரு பெரிய குளிக்கற டவல் தான், நெஞ்சுக்கு அடியில தையல்ல படாம விட்டு ரெண்டு நுனியையும் முதுகுக்கு மேல பிடிச்சுக்கணும். பளு டவல்ல அகலமா பரவும், பட்டை மாதிரி ஒரே கோட்டுல அழுத்தாது. மூணாவது நாள் தையலுக்கு கீழ தோல் நீலமும் ஊதாவுமா மாறி வயிறு வரைக்கும் இறங்குச்சு, பதறிப் போயி போன் பண்ணா, ரத்தக்கட்டு கீழ்நோக்கி இறங்கும் பயப்படாதீங்கன்னாங்க. அப்புறம் கீழ்ப்பக்கம் தண்ணி பை மாதிரி மெத்துன்னு ஒரு வீக்கம், உள்ள நீர் கோத்துக்கிறது, அதுவும் நிறைய நாய்க்கு வர்றது தானாம், தானா வத்திருச்சு. ஆனா தையல் வழியா ஒழுகுனாலோ, சூடா சிவந்து நாத்தம் வந்தாலோ, சாப்பிடாம சுருண்டு படுத்தாலோ அன்னைக்கே கூட்டிட்டுப் போகணும். கழுத்துல மாட்டுற கூம்பை பாவம்னு கழட்டிடாதீங்க, தையலை நக்கிப் பிரிக்க அஞ்சு நிமிஷம் போதும்.

கைப்பிடியை எப்படி பிடிக்கணும்ங்கறது எனக்கு ஒரு வாரம் கழிச்சு தான் பிடிபட்டுச்சு. முதல்ல நான் சூட்கேஸ் மாதிரி தூக்கிக்கிட்டே நடந்தேன். அது தப்பு. அவ மிச்சமிருக்குற வலது காலை நெஞ்சுக்கு நடுவுல கொண்டு வந்து ஊனி, ஒரு சின்ன தாவு தாவி, பின்னங்கால் ரெண்டையும் கொண்டு வர்றா, ஒவ்வொரு தாவுக்கும் தலை மேலயும் கீழயும் போகும். நாம மேல இழுத்துக்கிட்டே இருந்தா அந்த தாளம் கெட்டுப் போகுது, அவ நம்ம கைய நம்பி சாய ஆரம்பிக்கிறா. டாக்டர்கிட்ட காட்டுனப்ப, நாலு விரலை கைப்பிடிக்குள்ள விட்டு சும்மா வச்சுக்கோங்க, அவ முன்னாடி சாயுறப்ப மட்டும் இறுக்குங்கன்னு சொன்னாங்க. அப்படிப் பண்ணவுடனே வித்தியாசம் தெரிஞ்சுது, ரெண்டே நாள்ல அவளா வளைவுல திரும்ப ஆரம்பிச்சா. முழு எடையையும் ஹார்னஸ்ல தொங்க விடக்கூடாது, நெஞ்சுல அழுத்தும். தூக்கியே ஆகணும்னா ஒரு கை நெஞ்சுக்கு அடியில, ஒரு கை பின்பக்கம் குடுத்து தூக்குங்க.

படி ஏறுறதை விட இறங்குறது தான் இவங்களுக்கு கஷ்டம், மொத்த பளுவும் முன்னாடி வருது. முதல் ஒரு மாசம் படிக்கே விடல. இப்ப ரெண்டு மூணு படி மட்டும், நான் ஒரு படி கீழ நின்னுக்கிட்டு கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன். கார்ல ஏத்தி இறக்கவும் இது தான். அம்மாவுக்கு முதுகு வலி, குனிஞ்சு கைப்பிடியைப் பிடிக்க முடியல, அதனால கைப்பிடியில ஒரு பழைய நாய் வாரை வளையமா கட்டி விட்டேன், நிமிர்ந்து நின்னபடியே பிடிச்சுக்கறாங்க. "ஏம்மா செவல, மெதுவா வாடி, யாரு உன்ன தொரத்துறா"ன்னு பேசிக்கிட்டே கூட்டிட்டுப் போறாங்க.

குறைன்னு சொன்னா ரெண்டு இருக்கு. வலது அக்குள்ல உரசுது. ஒரே கால் நெஞ்சுக்கு நடுவுல வந்து ஊனுறதால பட்டை அங்க சாதாரணத்தை விட அதிகமா தேயுது, மூணாவது வாரம் முடி போயி தோல் சிவந்துச்சு. அந்த இடத்துல வெல்வெட் மாதிரி துணி சுத்துனேன், ஒரு வாரத்துல ஆறிடுச்சு. தினமும் கழட்டுனதும் அக்குளை விரலால தடவிப் பாக்குறது இப்ப பழக்கமாயிடுச்சு. ஈரமா இருக்கும்போது போடவே கூடாது. ராத்திரி படுக்கும்போது கட்டாயம் கழட்டணும், பகல்லயும் சும்மா படுத்திருந்தா கழட்டிடறேன். இன்னொன்னு, நெஞ்சுப் பட்டையில ஒட்டுற வெல்க்ரோ. பர்ருன்னு அது பிரியிற சத்தத்துக்கு ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல செவல உடம்பெல்லாம் நடுங்குனா, முடியும் அதுல மாட்டும். கொக்கி மட்டும் வச்ச மாடல் கிடைச்சா அதையே எடுங்க.

ஹார்னஸ் போட்டுட்டா வழுக்காதுன்னு நெனச்சுடாதீங்க. வழவழ தரையில மூணு கால் நாய் நிக்கிறது ரொம்ப சிரமம், விழுந்துட்டா பயந்துக்கிட்டு நடக்கவே மாட்டேங்கும். படுக்கையிலருந்து தண்ணி கிண்ணம் வரைக்கும், அங்கருந்து வாசல் வரைக்கும் யோகா பாயை வரிசையா விரிச்சு பாதை மாதிரி போட்டோம். நகத்தை வெட்டி விட்டு, பாதத்துக்கு அடியில விரலுக்கு நடுவுல வளர்ற முடியையும் ட்ரிம் பண்ணோம், அது பெரிய உதவி. கிண்ணத்தை நெஞ்சு உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல வச்சோம், குனிஞ்சா முன்பக்கமா சாஞ்சுடறா. எடை ஏறவே விடக்கூடாது, ஒத்தை முன்னங்காலோட மணிக்கட்டு தான் அத்தனையும் வாங்குது. தினமும் ராத்திரி அந்தத் தோளையும் கழுத்தையும் அமுக்கி விடுறேன், முதல்ல கல்லு மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்துல பெருமூச்சு விட்டு தலையை என் தொடையில சாச்சுக்குவா.

அப்புறம் ஒண்ணு, முதல் மாசத்துல சில ராத்திரி திடீர்னு கத்திக்கிட்டே எழுந்து, இல்லாத காலை கடிக்கப் போற மாதிரி திரும்புவா. ஹார்னஸ் தான் எங்கயோ குத்துதுன்னு நெனச்சு ரெண்டு நாள் போடாம விட்டேன், ஆனா கழட்டியிருந்தப்பயும் வந்துச்சு. போன காலோட நரம்பு வலி அது, மனுஷங்களுக்கு வர்ற மாதிரியே நாய்க்கும் வரும்னாங்க. காபாபென்டின்ங்கற நரம்பு வலி மாத்திரையோட அளவை டாக்டர் கூட்டுனதும் அடங்குச்சு. அந்த மாத்திரையை நாமளா திடீர்னு நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும். வீட்ல இருக்குற மனுஷங்க வலி மாத்திரை, பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க, அது நாய்க்கு விஷமாயிடும்.

பின்னங்கால் எடுத்த நாய் வச்சிருக்குறவங்க இதே மாடலை வாங்காதீங்க. உங்களுக்கு கைப்பிடி இடுப்புக்கு மேல வரணும், முன்னாடி பிடிச்சு பிரயோஜனமில்ல. ஆண் நாயா இருந்தா வயித்துப் பட்டை ஒண்ணுக்குப் போற இடத்தை மறைக்காம வெட்டி தச்சிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நனைஞ்சு புண்ணாகும்.

5க்கு 4 குடுப்பேன். ஒரு மார்க் குறைச்சது அக்குள் உரசலுக்கும் அந்த வெல்க்ரோவுக்கும். வீட்டுக்குள்ள இப்ப அவளுக்கு இது தேவைப்படல, பாய் மேல அவளா தாவித் தாவி வாசல் வரைக்கும் வந்துடறா. படி, கார், மழை பெஞ்ச தரை, ஆஸ்பத்திரி தரை, இதுக்கு மட்டும் தான் எடுக்கறோம், கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது, அதை எடுக்குற சத்தம் கேட்டாலே வால் ஆடுது.

அளவு எடுக்குறப்ப ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்ததை வச்சு ஆர்டர் போடாதீங்க, கால் போனதும் நெஞ்சு சுத்தளவு மாறிடும், வீக்கமும் இருக்கும். தையல் பிரிச்சு வீக்கம் வத்துனப்புறம், அவளை நிக்க வச்சு, ஒருத்தர் பிடிச்சுக்க இன்னொருத்தர் ரெண்டு இடத்துல எடுங்க, முன்னங்காலுக்கு நேர் பின்னாடி ஒண்ணு, விலா முடியற இடத்துல ஒண்ணு. ரெண்டு அளவும் ரெண்டு சைஸ்ல வந்துச்சுன்னா பெருசை வாங்கி வாரை இழுத்துக்கலாம், சின்னதை ஒண்ணும் பண்ண முடியாது.