ஆனேக்கல், ஓசகோட்டை, மாலூர்: எங்கே போய்க் குடியேறுவது?

பெங்களூர் விவேக்நகர் வீட்டை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்கு வெளியே போய்விடலாம் என்று நானும் மனைவியும் பேசத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. காரணம், வீட்டில் மூன்று கட்சி. அவள் ஆனேக்கல், மச்சினன் ஓசகோட்டை, நான் மாலூர். ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தால் ரசத்துக்குப் போவதற்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். "மாமா, மாலூர்ல செங்கல் சூளையை விட்டா என்ன இருக்கு?" என்பான்.

பட்டியலில் ஓசூரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒரே பதில்தான். 2019இல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் அது. நெரிசலை விட்டு ஓடுகிறவன் இன்னொரு நெரிசலில் போய் விழுவானேன்?

மூன்று ஊரையும் முதலில் எண்களாகத்தான் பார்த்தோம். 2011 கணக்கெடுப்பில் ஆனேக்கல் டவுனில் 44,260 பேர், ஓசகோட்டையில் 56,980, மாலூரில் 40,050. அதற்குப் பத்து வருடம் முன்பு முறையே சுமார் 33 ஆயிரம், 36 ஆயிரம், 28 ஆயிரம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்ப் போய் 2027 வரை வந்துவிட்டதால், இன்றைக்கும் எல்லோரும் இந்தப் பழைய எண்களையே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். காகிதத்தில் மூன்றும் அண்ணன் தம்பி போல ஒரே உயரம். நேரில் போனால் அப்படி ஒன்றும் இல்லை. கணக்கெடுப்பு, வழக்கமாக எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டு எண்ணுகிறது. பகலில் அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், காலையில் யார் எந்தப் பக்கம் கிளம்புகிறார்கள் என்பது அதில் தெரியாது. எனக்கு வேண்டியது அந்த விவரம்தான்.

ஆனேக்கல்லை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கேட்டதும் யானைக்கல் என்று நினைப்போம். கன்னடத்தில் ஆனேக்கல்லு என்றால் ஆலங்கட்டி. யானைக்கும் குறைவில்லை. பன்னேருகட்டா காடும் தமிழ்நாட்டுப் பக்கத்துத் தளி, ஜவளகிரிக் காடுகளும் ஒட்டிக் கிடப்பதால், கேழ்வரகு அறுப்பு சமயத்தில் கூட்டமாக வந்து வயலில் இறங்கும். இந்தத் தாலுகா இருப்பது பெங்களூர் நகர மாவட்டத்தில் என்பதுதான் வேடிக்கை. அந்த மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 4,380 பேர் என்று 2011 கணக்கு சொல்கிறது. யானை வந்து கேழ்வரகு தின்கிற கிராமமும் அந்தச் சராசரிக்குள் அடக்கம்.

ஆனேக்கல் தாலுகாவின் ஜனம் ஆனேக்கல்லில் இல்லை. ஓசூர் ரோட்டை ஒட்டி ஹெப்பகோடி, பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி, உள்ளே தள்ளி ஜிகணி. ஃபேக்டரியும் ஜனமும் அங்கேதான். ஷிப்ட் விடுகிற நேரத்தில் சந்தாபுரா சர்க்கிளில் நின்றால் இந்தி, ஒடியா, வங்காளம், தருமபுரித் தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் விழும். ஒரு அறையில் நாலு பேர், ஆறு பேர். அவர்களில் பாதிப் பேருக்கு வீடு என்றால் வேறு எங்கோ இருக்கிற ஊர். அங்கிருந்து உள்ளே போனால் ஆனேக்கல் டவுன் தன் பாட்டுக்குப் பழைய பேட்டையாக இருக்கிறது. நாங்கள் போன அன்றைக்கு ஒரு சந்துக்குள் தறிச் சத்தம் கேட்டு என் மனைவி நின்றுவிட்டாள். பட்டு நெசவு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவள் ஆரணிக்காரி, தறிச் சத்தம் கேட்டால் கால் நகராது. அவளுடைய ஆனேக்கல் கட்சி அன்றைக்கு உருவானதுதான்.

போக்குவரத்திலும் அவள் பக்கம் இப்போது பலம் கூடிவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் அது தாலுகாவின் வாசல்படி வரைதான் வருகிறது. அங்கிருந்து டவுனுக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஆனேக்கல் ரோடு என்று சேலம் லைனில் ஒரு ஸ்டேஷன் உண்டு. பெயரில் 'ரோடு' என்று போட்டால் ஊர் தள்ளி இருக்கிறது என்று அர்த்தம், ரயிலில் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும்.

மச்சினனின் ஓசகோட்டை பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. பெயரைத் தமிழில் சொன்னால் புதுக்கோட்டை. பெங்களூர் ஊரக மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு பெங்களூர் வடக்கு என்று பெயர் மாற்ற 2025 ஜூலையில் அமைச்சரவை முடிவு செய்தது. மாவட்டம் முழுக்க 2011இல் பத்து லட்சம் பேர்கூட இல்லை, சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 430 பேர். ஆனால் மூன்று டவுன்களில் வேகமாகப் பெருத்தது ஓசகோட்டைதான். காரணம் ரோடு. கோலார் போகிற பெரிய நெடுஞ்சாலை அதன் வழியே போகிறது. சென்னை எக்ஸ்பிரஸ் வே அங்கிருந்துதான் கிளம்புகிறது. தாபஸ்பேட்டையிலிருந்து வருகிற வெளிவட்டச் சாலையும் அங்கே வந்து சேருகிறது. தாலுகாவுக்குள் தேவனகுந்தியில் எண்ணெய்க் கம்பெனிகளின் டிப்போக்கள், அதனால் எந்நேரமும் டேங்கர் லாரி வரிசை. இத்தனை ரோடு இருந்தும் டவுனுக்கு ரயில் இல்லை. ஒயிட்ஃபீல்டு போய்த்தான் ஏற வேண்டும்.

மச்சினனுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அவனை இழுப்பது விடிகாலை பிரியாணி. ஒருமுறை என்னையும் நாலரை மணிக்கு எழுப்பிக் கூட்டிப் போனான். இருட்டில் வரிசை, கையில் இலைத்தட்டு, கார் பானெட்டின் மேல் வைத்துச் சாப்பிடுகிற ஐ.டி. பிள்ளைகள். கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் என் வயதில் பிரியாணிக்காக ஊர் மாறுகிறவன் பெயர் என்ன? அந்த வரிசையில் நின்றவர்களில் ஓசகோட்டைக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் மூன்று ஊரும் உண்மையில் பிரிகின்றன, தமிழ்நாட்டோடு நமக்கு இருக்கிற சங்கதியும் இதில்தான் இருக்கிறது.

நந்திமலைப் பக்கம் பிறக்கிற தட்சிண பினாகினி ஓசகோட்டை ஏரியைத் தொட்டு, ஆனேக்கல் தாலுகாவின் சர்ஜாபுரம் பகுதியில் முகளூர் வழியாக இறங்கி, தமிழ்நாட்டுக்குள் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கே அதன் பெயர் தென்பெண்ணை. கெலவரப்பள்ளியில் மதகு திறந்தால் நுரை மலை மாதிரிப் பொங்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த நுரை பெங்களூரின் சாக்கடையும் ஆலைக் கழிவும். நம் வீட்டுக் குளியலறைத் தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. ஆக ஓசகோட்டையில் ஆற்றோரம் என்று சொல்லி சைட்டு, அதாவது மனை, விற்றால் முதலில் மூக்கை வைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு புரோக்கர் 'லேக் வியூ' என்று காட்டிய இடத்தில் இறங்கியதும் என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அவரும் கைக்குட்டையை எடுத்தார், எடுத்த பிறகு அசடு வழிந்தார்.

ஆனேக்கல் நீர்ப்பிரிப்பில் உட்கார்ந்திருக்கிறது. பன்னேருகட்டாப் பக்கம் பெய்கிற மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும், சர்ஜாபுரம் பக்கம் பெய்வது தென்பெண்ணைக்குப் போகும். பெய்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினாலும் நிற்பதில்லை, அதனால் மக்கள் போர்வெல் தண்ணீரையே நம்பியிருக்கிறார்கள். மூன்று தாலுகாவுமே நிலத்தடி நீரை ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சுகிற பட்டியலில் வருபவை.

மாலூர் நிலை இன்னும் மோசம் என்பதை மறைக்க முடியாது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத கோலார் மாவட்டம். ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்கள் அங்கே சர்வசாதாரணம். மார்க்கண்டேய நதியில் யர்கோள் அணை கட்டி 2023இல் திறந்தார்கள், கோலார், பங்காருப்பேட்டை, மாலூர் மூன்று ஊருக்கும் குடிநீருக்காக. மார்க்கண்டேய நதியும் தென்பெண்ணையின் துணையாறு என்பதால் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் வரை போய் எதிர்த்த அணை அது. எங்கள் வீட்டில் இதில் ஒரு தர்மசங்கடம். கிருஷ்ணகிரியில் இருக்கிற என் சித்தப்பா பையனுக்கு அது 'நம்ம தண்ணி'. நான் மாலூரில் வீடு கட்டினால் எனக்கும் அதுவே 'நம்ம தண்ணி'. இது போக, 2018 முதல் பெங்களூரின் சாக்கடையைச் சுத்திகரித்து கோலார் ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஏரி நிரம்பி கிணற்றில் தண்ணீர் ஏறியது என்று சந்தோஷப்படுகிற விவசாயியும் உண்டு, இன்னும் ஒரு கட்டம் கூடுதலாகச் சுத்தம் செய்துவிட்டு அனுப்புங்கள் என்று சண்டை போடுகிறவர்களும் உண்டு.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாலூர்? ரயில்தான் காரணம். ரயிலில் வருகிற ஆட்கள் என்று சொன்னால் இன்னும் சரி.

2001 பிப்ரவரி கடைசியில் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு, கே.ஜி.எஃப். என்கிற கோலார் தங்கவயலின் தமிழர்கள் பிழைப்புக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலேறத் தொடங்கினார்கள். அங்கே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் விடியும் முன்னே ஏறி, ராத்திரி திரும்பி வந்து படுக்கிறார்கள். கணக்கெடுப்பில் இவர்கள் கே.ஜி.எஃப். ஜனம். பகலெல்லாம் பெங்களூர் ஜனம். அந்த வண்டி மாலூரில் நின்று போகும். காலை வண்டியில் ஏறிப் பாருங்கள். சீட்டுக்கட்டு ஒரு பக்கம், தூங்கி வழிகிற தலைகள் ஒரு பக்கம், நடுவில் பூக்கூடை, கட்டுக்கட்டாகக் கீரை. பேச்சு முழுக்கத் தமிழ். கன்னட, தெலுங்கு வார்த்தைகள் தாளித்துப் போட்டது மாதிரி நடுநடுவே. "ஏனு சார், இன்னிக்கு லேட்டா?" என்று ஒருவர் என்னை விசாரித்தார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்துவிட்டார். அப்புறம் நகர்ந்து இடமும் கொடுத்தார்.

மாலூர் டவுன் அழகான ஊர் இல்லை. ஓட்டு ஃபேக்டரி, செங்கல் சூளை, யூகலிப்டஸ் தோப்பு, உருளைக்கிழங்கு மூட்டை. ஏரி மண்ணைச் சுட்டு பெங்களூருக்கு அனுப்பியே வளர்ந்த ஊர். நம் விவேக்நகர் வீட்டுச் சுவரில் பாதி அங்கிருந்து வந்திருக்கலாம். கோலார் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 385 பேர்தான், அதில் 30 சதவீதம் தலித் மக்கள், கர்நாடகத்தில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த விகிதம் இல்லை. கடைத்தெருவில் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் ஓடும். கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கித் தந்த, வீட்டில் தமிழ் பேசிய எழுத்தாளர் ஒருவரின் ஊரான மாஸ்தி இந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. சிக்க திருப்பதியும் இங்கேதான், பெரிய திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் சனிக்கிழமை அங்கே போய்விட்டு வருவார்கள்.

நாம் அங்கே வெளியாளா என்று கேட்டால், மூன்று ஊருக்கும் ஒரே பதில். சோழர்கள் நிகரிலிச்சோழ மண்டலம் என்று பெயர் வைத்திருந்த பகுதி இது. பி.எல். ரைஸ் 1905இல் பதிப்பித்த பெங்களூர், கோலார் கல்வெட்டுத் தொகுதிகள் இரண்டிலும் தமிழ்க் கல்வெட்டு ஏராளம். கல்லை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். மூன்று ஊரிலும் தர்மராயர் கோயில் உண்டு, கரகம் உண்டு. கரகம் எடுக்கிறவர்கள் திகளர்கள். வன்னிகுல சத்திரியர் என்றும் சொல்வார்கள், பரம்பரைத் தோட்டக்காரர்கள். அந்தக் காலக் கன்னடத்தில் திகளர் என்றாலே தமிழர் என்றுதான் பொருள். சில வீடுகளில் இன்னும் ஒரு பழைய தமிழ் இருக்கிறது, பல வீடுகளில் கன்னடம் மட்டும். அவர்களிடம் போய் நீங்களும் தமிழர்தானே என்று தோளில் கை போடுவது நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம். பதிலுக்கு ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

பத்திர விஷயம் மூன்று ஊரிலும் ஒன்றுதான், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன். விவசாய நிலத்தை டிசி கன்வர்ஷன், அதாவது வீட்டு மனையாக மாற்றும் அரசு அனுமதி, செய்யாமல் துண்டு போட்டு விற்கிற ரெவின்யூ சைட்டு மலிவாகத்தான் இருக்கும், தொடாதீர்கள். பஹணி என்கிற நிலப் பதிவேட்டைப் பார்த்து, இ-காத்தா என்கிற சொத்துப் பதிவைப் பார்த்து, ஒரு வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் பேசுங்கள். விலை எங்கள் கணக்கில் ஆனேக்கல்தான் அதிகம், மாலூர்தான் குறைவு. அதுவும் எக்ஸ்பிரஸ் வே மாலூர் பக்கமாகப் போவதால் ஏறிக்கொண்டே இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்று பார்த்தால் ஆனேக்கல் பக்கம்தான் ஜெயிக்கும், பொம்மசந்திராவில் பெரிய ஆஸ்பத்திரிகளே இருக்கின்றன. இந்த வாதத்தை மனைவி எடுத்தால் எனக்குப் பேச்சு வராது. "ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலிச்சா மாரிக்குப்பம் வண்டிக்காகக் காத்துட்டு இருப்பீங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவளையும் ரயிலில் மாலூருக்குக் கூட்டிப்போனேன். ஸ்டேஷன் வெளியே பூ விற்கிற அம்மாவிடம் இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கினாள். தமிழில் விலை கேட்டாள், தமிழில் பதில் வந்தது. முகம் கொஞ்சம் மலர்ந்ததைப் பார்த்தேன். பூவைத் தலையில் வைத்துக்கொண்டே, "தண்ணி எப்படிம்மா உங்க பக்கம்?" என்று கேட்டாள்.

"இப்ப பரவால்லக்கா. ஏப்ரல், மே வந்துட்டா டேங்கர்தான். ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அதுவும் போன் மேல போன் போடணும்."

திரும்பி வருகிற வண்டியில் அவள் ஒயிட்ஃபீல்டு தாண்டும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "மே மாசம் ஒரு வீடு வாடகைக்கு எடுங்க. ஒரு மாசம் இருந்து பார்ப்போம். ஆனா டேங்கர்காரனுக்கு நீங்கதான் போன் போடணும்." சரி என்றேன். மச்சினனுக்கு இன்னும் சொல்லவில்லை.