கருப்பு வெள்ளைக்குக் கலர் ப்ரொஃபைல் எதற்கு? எப்சன் பி900-உடன் எட்டு மாதம்

அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று என்னிடம் உண்டு. வெள்ளைச் சேலை, பின்னால் இருட்டாக நிலைக்கதவு. ஃபிலிமில் எடுத்து, பிறகு ஸ்கேன் செய்தது. எந்தப் பிரிண்டர் கைக்கு வந்தாலும் முதலில் இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். சேலை மடிப்பு வெளுத்துப் போகக் கூடாது, கதவின் பித்தளைக் குமிழ் இருட்டில் தொலையக் கூடாது.

எப்சன் ஷ்யூர்கலர் பி900 வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 17 அங்குல அகலம், 10 இங்க். அதில் நான்கு கருப்புக் குடும்பம்: பளபளப்புப் பேப்பருக்கு ஒரு கருப்பு, மேட் பேப்பருக்கு ஒரு கருப்பு, அப்புறம் சாம்பல், வெளிர் சாம்பல். இரண்டு கருப்புக்கும் தனித்தனி நாசில் (இங்க் பீய்ச்சும் துளை) இருப்பதால், பேப்பர் மாற்றும்போதெல்லாம் இங்க்கைக் கழுவிக் கொட்டும் வேலை இல்லை. மெஷின் பற்றி இவ்வளவு போதும். ப்ரொஃபைல் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பிரிண்டரும் ஒரு பேப்பரும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்புதான் ப்ரொஃபைல்.

பேப்பர் ஹானமூலே கம்பெனியின் போட்டோ ராக், சதுர மீட்டருக்கு 308 கிராம், முழுப் பருத்தி, மேட் வகை. இந்த பிரிண்டருக்கென்றே அவர்கள் தயாரித்த ஐசிசி ப்ரொஃபைல் (ப்ரொஃபைல் கோப்பின் பொது வடிவம்) அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கலர் படங்களுக்கு அதை மிஞ்ச நான் எதுவும் பார்க்கவில்லை. அதே நம்பிக்கையில் அப்பத்தாவையும் அதே ப்ரொஃபைலில் அடித்தேன். வராந்தாவில் பகல் வெளிச்சத்தில் பிரமாதம். சாயங்காலம் கூடத்தில் எல்இடி ட்யூப்லைட்டுக்குக் கீழே மாட்டியதும் அம்மா கேட்டார்: "ஏண்டா, அப்பத்தா சேலையில பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?"

அம்மா சொன்னது சரிதான். சாம்பல் திட்டுகளில் லேசாகப் பச்சை அடித்தது. ப்ரொஃபைல் வழியாகப் போகும்போது டிரைவர் (பிரிண்டரை ஓட்டும் மென்பொருள்) சாம்பலைக் கருப்பு இங்க்கால் மட்டும் உருவாக்குவதில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள் எல்லாம் கலந்துதான் உருவாக்குகிறது. அந்தக் கலவை பகல் வெளிச்சம் போன்ற 5000 கெல்வின் வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துச் சமன் செய்யப்பட்டது. வெளிச்சம் மாறினால் சமன் குலைகிறது. கலர் படத்தில் பச்சைத் துளி கண்ணில் படாது. கருப்பு வெள்ளையில் அது ஒன்றுதான் படும்!

அடுத்து டிரைவரில் இருக்கும் அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் முறை. இதில் ப்ரொஃபைலே கிடையாது. போட்டோஷாப்பில் 'பிரிண்டரே நிறத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்' என்று விட்டுவிட வேண்டும். பெரும்பாலும் கருப்பு, சாம்பல் இங்க்குகளே ஓடும். சாயலுக்கு மட்டும் துளிக் கலர். நியூட்ரல், கூல், வார்ம், செபியா என்று சாயலைத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு வட்டத்தில் புள்ளியை நகர்த்தி நாமே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். நியூட்ரலில் அடித்ததை வராந்தா, ட்யூப்லைட், பூஜை அறையின் மஞ்சள் பல்ப் என்று மூன்று இடத்திலும் பிடித்துப் பார்த்தேன். பச்சை எங்கேயும் தலைகாட்டவில்லை.

ஆனால் இங்கே குமிழ் தொலைந்தது. 21 படி சாம்பல் பட்டை ஒன்றை இரண்டு முறையிலும் அடித்து ஒப்பிட்டேன். ப்ரொஃபைல் வழியில் கடைசி மூன்று கரும்படிகளும் தனித்தனியாகத் தெரிந்தன. மற்றதில் கடைசி இரண்டும் ஒட்டிக்கொண்டன. டோன் அமைப்பை ஒரு படி வெளிச்சமாக்கியதும் முக்கால்வாசி சரியானது. மீதிக் கால்வாசிக்குத்தான் ப்ரொஃபைல் திரும்ப உள்ளே வருகிறது, அதுவும் கலர் ப்ரொஃபைல் அல்ல. ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன்ரிப் என்ற கருப்பு வெள்ளைப் பிரிண்ட் மென்பொருளுடன் க்யூடிஆர் கிரியேட் ஐசிசி என்று ஒரு குட்டிக் கருவி வருகிறது. சாம்பல் பட்டையை ஒரு நாள் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோவால் (நிறத்தை அளக்கும் கருவி) அளந்து, அளவுக் கோப்பை அதன் மேல் இழுத்துப் போட்டால் சாம்பலுக்கு மட்டுமான ப்ரொஃபைல் கிடைக்கும். படத்தை அதற்கு மாற்றிவிட்டு, பிரிண்டை மட்டும் பழையபடி கருப்பு வெள்ளை முறையிலேயே அடித்தேன். குமிழின் மேல் விழும் அந்தச் சின்ன வெள்ளைக் கீற்று வந்துவிட்டது. ஸ்பெக்ட்ரோவை நண்பரிடம் இரவல் வாங்கினேன். இதற்காக மட்டும் விலை கொடுத்து வாங்கச் சொல்ல மாட்டேன்.

இலவசக் கலர் ப்ரொஃபைலை அழித்துவிடாதீர்கள். திரையில் முன்கூட்டிப் பார்க்க அது வேண்டும். மேட் பேப்பரின் கருப்பு திரையில் தெரியும் கருப்பளவுக்கு ஒருநாளும் இறங்காது. அந்த ஏமாற்றத்தைப் பேப்பர் செலவில்லாமல் திரையிலேயே பட்டுக்கொள்ளலாம்.

எட்டு மாதத்தில் நான்கு ஷீட் குப்பைக்குப் போனது முழுக்க என் தவறு. போட்டோஷாப்பில் ப்ரொஃபைலைத் தேர்ந்துவிட்டு, டிரைவரில் கலர் திருத்தத்தை அணைக்க மறந்துவிட்டேன். ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடந்து, அப்பத்தா முகம் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. ஊட்டியில் தயாரான 'இந்து' போட்டோ பேப்பரில், இருட்டறைச் சிவப்பு பல்புக்குக் கீழே பிரிண்ட் போட்டுப் பழகியவன் நான். அந்த நாளில் பேப்பர் கருகும், மங்கும், கத்தரிக்காய் ஆனதில்லை.

ஒரு செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நிறையக் கருப்பு வெள்ளை அடிப்பவருக்கு 10 கார்ட்ரிட்ஜும் ஒன்றாகத் தீராது. என்னிடம் சாம்பலும் வெளிர் சாம்பலும் இரண்டு முறை மாறிவிட்டன. வயலெட் இன்னும் பாதிகூட இறங்கவில்லை.