கிட்டார் செய்யுற கோர்ஸ் ஒரு வருஷம் படிச்சேன், சேரலாமான்னு கேக்குறவங்களுக்கு

கோர்ஸ் முடிச்சு மூணு மாசம் ஆச்சு, அதுக்குள்ள எத்தனை பேரு கேட்டுட்டீங்க, அதான் ஒரே தடவையா எழுதிடுறேன். பள்ளி பேரு போடல, கொறையும் சொல்லப்போறதால. வீட்டை விட்டு ரொம்ப தூரம், ஒரு வருஷம், பத்து பேரு, ஆளுக்கு ஒரு பெஞ்ச், ஸ்டீல் ஸ்ட்ரிங் அக்கூஸ்டிக் ரெண்டு செஞ்சு முடிக்கணும், அவ்ளோதான் கோர்ஸ்.

போங்க, நான் போகச் சொல்லித்தான் எழுதுறேன். ஆனா எதுக்காகப் போறோம்னு தெரிஞ்சுட்டுப் போங்க. ப்ளான் வரையுறது, கழுத்துல குறுக்க பதிக்கிற உலோகப் பட்டை, அதான் ஃப்ரெட், எங்க வரணும்ங்கிற கணக்கு இதெல்லாம் வீட்டுல உக்காந்தே கத்துக்கலாம், கழுத்து நுனியில கம்பி தாங்குற நட்டுலேருந்து கீழ கம்பி மாட்டுற பிரிட்ஜ் வரைக்கும் கம்பி அதிர்ற நீளம்தான் ஸ்கேல் நீளம், அதை 17.817-ஆல வகுத்தா முதல் ஃப்ரெட் நட்டுலேருந்து எவ்ளோ தள்ளின்னு வந்துரும், மிச்சமுள்ள நீளத்தை திரும்பத் திரும்ப அதே எண்ணால வகுத்துட்டே போனா 12-வது ஃப்ரெட் பாதியில வந்து நிக்கும், 648 மில்லிமீட்டர் ஸ்கேல்னா 324-ல. இதுக்கு யாரும் பெட்டி கட்டிக்கிட்டு போக வேணாம். போக வேண்டியது மேல்பலகைக்கு, அதாவது கம்பிக்குக் கீழ சத்தம் வர்ற ஓட்டை இருக்குற முன்பக்கப் பலகைக்கு.

அதை மட்டும் விவரமா சொல்றேன். ஸ்ப்ரூஸ் பலகை, இழைச்சு இழைச்சு 2.8 மில்லிமீட்டருக்குக் கொண்டு வந்துட்டேன், உள்பக்கம் பலகையைத் தாங்குற மரக் குச்சிங்க, எக்ஸ் வடிவுல ஒட்டுற எக்ஸ் பிரேஸும் மத்த சின்ன பிரேஸும், வஜ்ரம் போட்டு ஒட்டியாச்சு. மெல்லிசான லைட் கேஜ் கம்பி ஆறும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், அதைத் தாங்கவும் செய்யணும், கம்பியைத் தொட்டா அதிரவும் செய்யணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிர். மாஸ்டர் பலகையோட ஓரத்தை ரெண்டு விரலால புடிச்சுத் தொங்கவிட்டு காதுகிட்ட வச்சு கட்டைவிரலால தட்டுனாரு, டொக்குன்னு ஒரு சத்தம், அங்கேயே நின்னுருச்சு. "இன்னும் கிடக்கும்மா, எடு"ன்னாரு. உளியால பிரேஸோட தோளுல ரெண்டு சீவல் எடுத்தேன், திரும்ப தட்டுனாரு, எடுன்னாரு. காலையில ஆரம்பிச்சது மத்தியானம் தாண்டிருச்சு, பெஞ்ச் பூரா சுருள் சுருளா சீவல். அப்புறம் ஒரு தடவை தட்டினப்ப சத்தம் எறங்கி டம்ம்ம்னு நீண்டு போச்சு, எனக்கே முதுகு சிலிர்த்துச்சு. "கேட்டுச்சா? உளியக் கீழ வை" அவ்ளோதான் சொன்னாரு. எந்த வீடியோவுலயும் இது கிடைக்காது, மைக்குல வர்ற சத்தத்துல அந்த வித்தியாசமே தெரியாது, பக்கத்துல ஒரு ஆளு நின்னு நிறுத்துன்னு சொல்லணும். 1862-ல ஸ்பெயின்ல கிட்டார் செஞ்ச டோரஸ் முதுகுப் பலகையும் சைடும் காகித அட்டையில செஞ்சு மேல்பலகையை மட்டும் ஒழுங்கா மரத்துல போட்டு ஒரு கிட்டார் செஞ்சாருன்னு மாஸ்டர் சொல்லுவாரு, சத்தம் மேல்பலகையிலதான் இருக்குங்கிற அதோட அர்த்தம் அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

சைடு வளைக்கிறதும் அப்படித்தான். 2 மில்லிமீட்டர் ஈட்டி மரம், தண்ணில நனைச்சு சூடான இரும்பு மேல வச்சு மெல்ல மெல்ல அழுத்தணும், சூடு உள்ள ஏறினதும் கைக்குக் கீழ மரம் சட்டுனு தளரும், அதுக்கு முன்னாடி அழுத்துனா இடுப்பு வளைவுல படக்குன்னு போயிரும். எனக்கு ஒண்ணு போச்சு. மாஸ்டர் திட்டல, வேற பலகை எடுத்துக் குடுத்துட்டு என் கை மேல அவரு கையை வச்சு வளைச்சாரு.

இனி கொறை. கிட்டார் பட்டறையில காத்து ஈரப்பதம் 45-லேருந்து 50 சதவீதத்துல இருக்கணும், இது முதல் நாள் பாடம். லீவு விட்ட ரெண்டு வாரத்துல ஹியூமிடிஃபையர் நின்னுபோச்சு, ஹீட்டர் மட்டும் ஓடிருக்கு, யாரும் எட்டிப் பாக்கல. திரும்பி வந்தப்ப மீட்டர்ல 24. மரம் குறுக்குவாட்டுலதான் சுருங்கும், நீளவாட்டுல சுருங்குறது இல்லேங்கிற அளவுதான், பிரேஸ் குறுக்க ஓடுறதால பலகையை சுருங்க விடாது, அப்ப பலகை பொளக்கத்தான் செய்யும். நாள் பூரா தட்டித் தட்டி செஞ்ச அந்தப் பலகையில பிரிட்ஜுக்குக் கீழ ஒரு ஜாண் வெடிப்பு. ஆபீஸ்ல போய்க் கேட்டா மாணவங்க பொருளுக்கு மாணவங்கதான் பொறுப்புன்னுட்டாங்க. அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல பேச முடியல எனக்கு. அந்த பதில் தப்பு, இன்னிக்கும் சொல்றேன், பட்டறை சாவி அவங்க கையில இருக்குறப்ப பொறுப்பும் அவங்களுதுதான்.

ரெண்டாவது கொறை, ரிப்பேர். வருஷத்துல ரெண்டே வாரம். படிச்சுட்டு வெளிய வர்றவங்களுக்கு முதல்ல கைக்கு வர்ற வேலை புது கிட்டார் இல்ல, தேஞ்ச ஃப்ரெட்டும், ஆக்‌ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம், ஏறிப்போன கழுத்தும்தான். கழுத்தைக் கழட்டி சாய்வு சரிபண்ணி திரும்ப ஒட்டுற நெக் ரீசெட் நான் பக்கத்துல நின்னு பாத்ததோட சரி, கை வைக்கல. ஃபினிஷிங்கும் கடைசி மாசம் அவசர அவசரமாத்தான் ஓடுச்சு, அரக்கு பாலிஷ் போடக் கத்துக்குறதுக்குள்ள கோர்ஸ் முடிஞ்சுருச்சு.

சேர்றதுக்கு முன்னாடி பட்டறையை நேர்ல போய்ப் பாருங்க. ஈரப்பதம் காட்டுற மீட்டர் சுவத்துல இருக்கா, லீவுல அதை யாரு பாத்துக்குவாங்கன்னு கேளுங்க, ரிப்பேர் பெஞ்ச் எத்தனை வாரம்னு கேளுங்க, ஒரு மாஸ்டருக்கு எத்தனை மாணவங்கன்னு கேளுங்க, பத்துக்கு மேலன்னா உங்க பலகையைத் தட்டிப் பாக்க அவருக்கு நேரம் இருக்காது.

அந்த வெடிப்பை மாஸ்டர் வேலை நேரம் முடிஞ்சப்புறம் கூட உக்காந்து சரிபண்ணச் சொல்லிக் குடுத்தாரு. பலகையை ரெண்டு நாள் ஈரக் காத்துல வச்சு வெடிப்பு தானா மூடினதும் வஜ்ரத்தை உள்ள இறக்கி, உள்பக்கம் நாலு ஸ்ப்ரூஸ் துண்டை மர இழைக்குக் குறுக்க ஒட்டினோம். கம்பி மாட்டின முதல் ராத்திரி பூரா சுருதி எறங்கிட்டே இருந்துச்சு, நானும் ஏத்திட்டே இருந்தேன். விடியக்காலைல போனை சவுண்ட்ஹோல்கிட்ட வச்சு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். போன வாரம் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டு உள்ள பாத்தேன், நாலு துண்டும் ஒட்டினபடியே இருக்கு.