கும்பகோணத்தில் நான்கு ஞாயிறுகள்: ஒரு நாவல் வகுப்பு

மகாமகக் குளத்தருகே ஒரு மாடியறையில், முதுகலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்காக ஞாயிறுதோறும் நடைபெறும் டியூஷனில், ஜீன் ரீஸ் எழுதிய ‘வைட் சர்காசோ சீ’ நாவலை நான்கு வாரங்கள் படித்தேன். கட்டணம் 1,200 ரூபாய். இலக்கிய ஆர்வத்தைவிட செமஸ்டர் தேர்வின் பயமே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் ஞாயிறு முழுவதும் ஆசிரியை அந்த நாவலைத் தொடவே இல்லை. 1847-இல் வெளிவந்த, சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலின் 26-ஆம் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டு வாசித்தார். நாயகி ஜேனுடன் தேவாலயம் வரை வந்த திருமணம் நின்றுபோக, நாயகன் ராச்செஸ்டர் எல்லோரையும் மாடிக்கு அழைத்துச் சென்று, அங்கே அடைத்து வைத்திருக்கும் மனைவி பெர்த்தாவைக் காட்டும் இடம் அது. மனிதப் பிறவியா விலங்கா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாத உருவமாக வரும் அவளுக்கு அந்தக் காட்சியில் பேச ஒரு சொல்கூட இல்லை. அது மனத்தில் நன்றாகப் பதிந்தபின், 1966-இல் ரீஸ் தம் நாவலில் அவளுக்கு அந்துவானெத் என்ற பெயரையும் ஜமைக்காவில் ஒரு பிள்ளைப்பருவத்தையும் கொடுத்ததை அடுத்த வாரம் படித்தோம். கணவன் அவளை ‘பெர்த்தா’ என்று கூப்பிடத் தொடங்கும் இடத்தில் வயிற்றைப் பிசைந்தது. அந்தக் கணவனுக்கு இந்த நாவலில் பெயரே இல்லை என்று ஆசிரியை சுட்டிக்காட்டும் வரை, நான் குறிப்பேட்டில் ‘ராச்செஸ்டர்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

கொடுத்த பணம் மூன்றாம் வாரமே செரித்துவிட்டது. ரீஸ் 1890-இல் பிறந்த டொமினிகா தீவு, குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் இருக்கிறது. பிரெஞ்சுக் காலனிகளில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்கக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறிய தமிழர்கள் போய் இறங்கியவை அந்த இரண்டு தீவுகளும்தாம். ஆசிரியை வரைபடத்தில் இதைக் காட்டியபோது, காரைக்காலிலிருந்து வரும் மாணவி ஒருவர், “எங்க ஊர்லேர்ந்தா மேடம்?” என்று கேட்டார். அதன்பின் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

இவ்வளவு தூரம் கொண்டுவந்த வகுப்பு, அந்துவானெத்தை வளர்த்த பணிப்பெண் கிறிஸ்டோபினைக் கைவிட்டதுதான் என் குறை. அதே மார்த்தினிக்கிலிருந்து வந்தவள் அவள். அந்துவானெத்தின் தாய்க்குத் திருமணப் பரிசாகக் கொடுக்கப்பட்டவள். அந்தக் கணவனை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்பவள். இரண்டாம் பாகத்தில் திரும்பிப் பாராமல் நடந்து போகிற அவள், அதற்குப்பின் அந்துவானெத்தின் கனவில் ஒரு பெயராக மட்டுமே மிஞ்சுகிறாள். இந்த வெளியேற்றத்தை இலக்கியத் திறனாய்வாளர் காயத்ரி ஸ்பிவாக் 1985-இலேயே தம் கட்டுரையில் எடுத்துப் பேசியிருக்கிறார். ஓரங்கட்டப்பட்ட ஒருத்தியை மீட்கும் நாவல் இன்னொருத்தியை ஓரங்கட்டுகிறதா என்று நான் கேட்டதற்கு, “இதெல்லாம் தேர்வில் வராது” என்ற பதில்தான் கிடைத்தது.

ஜெராக்ஸ் நோட்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றாம் பாகத்தைத் தொடங்கிவைக்கும், மாடியில் அடைபட்டவளைக் காவல் காக்கும் கிரேஸ் பூலின் பேச்சை அந்துவானெத்தின் பேச்சாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பாகத்தைக் கடைசி நாளில் அரை மணி நேரத்தில் ஓட்டிவிடுவதால், மூலநூலை வாங்கி முன்கூட்டியே படித்துவிட்டுப் போவது நல்லது. அறையில் இருப்பது இரண்டே மின்விசிறிகள்; வகுப்பு பத்து மணிக்கு என்றாலும், குளத்தைப் பார்த்த ஜன்னலோரம் இடம் வேண்டுமானால் ஒன்பதரைக்கே போய்விட வேண்டும்.