டரான்டுலா ஸ்டார்ட்டர் கிட்: பாதிப் பொருள் வீண்

டரான்டுலா என்ற பெரிய சிலந்தியைப் புதிதாக வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் கிட்களில் கண்ணாடித் தொட்டியும் தேங்காய் நார்த்தூளும்தான் உருப்படி. மற்றதெல்லாம் தப்பு நம்பிக்கைக்குப் போட்ட விலை.

தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்துத் தரும் ஸ்பாஞ்சை முதலில் எடுத்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் சிலந்தி மூழ்கிவிடும் என்பது கட்டுக்கதை. கிண்ணத்திலிருந்து நேராகவே குடிக்கும். ஸ்பாஞ்சில் பாக்டீரியாதான் பெருகும். ஹீட் லேம்ப்பும் வேண்டாம், உடம்பில் ஈரம் வற்றிவிடும். அறை 22–26 டிகிரி செல்சியஸ் இருந்தாலே பெரும்பாலான இனங்களுக்குப் போதும்.

பெரிய கோளாறு, தொட்டியின் உயரம். தரையில் வாழும் இனங்கள் மேலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகலாம். கால் விரிப்பு 12 செ.மீ. என்றால் நார்த்தூளுக்கும் மூடிக்கும் இடைவெளி 18 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. கிட்டில் வரும் தூள் இதற்குக் காணாது. கூடுதலாக வாங்கி நிரப்ப வேண்டும். வலைமூடியில் கால் நகம் சிக்கும், துளையிட்ட அக்ரிலிக் மூடி தேவலை.

கையில் ஏறவிட்டால் பழகும் என்கிறது கையேடு. பழகாது, பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தோல் உரிக்கிறது. அப்போது இரையாகப் போட்ட வெட்டுக்கிளி உள்ளே இருந்தால் சிலந்தியையே கடித்துக் குதறும். உரித்த பிறகும் வெளுத்த நச்சுப்பல் கறுக்கும்வரை இரை போடக் கூடாது. வளர்ந்ததற்கு ஒன்றிரண்டு வாரமாகும்.