மஸ்டா 3: ஓட்டுறவங்களுக்கு கொண்டாட்டம், பின் சீட்டுக்காரங்க பாவம்

ஆஸ்திரேலியால நம்மாளுங்ககிட்ட என்ன கார் வாங்கலாம்னு கேட்டா பெரும்பாலும் யோசிக்காம டொயோட்டான்னு தான் சொல்லுவாங்க, முதல்ல கொரோலா, அப்புறம் கேம்ரி, குழந்தை குட்டி பெருகி ஊர்ல இருந்து அப்பா அம்மா வர ஆரம்பிச்சா ஏழு சீட்டு க்ளூகர். தப்பு சொல்ல மாட்டேன், ரீசேல் இருக்கு, சர்வீஸ் செலவு கம்மி, மெக்கானிக் எங்க வேணா கிடைப்பான். ஆனா மஸ்டான்னு சொன்னா மட்டும் ஒரு மாதிரி பாக்குறாங்க. தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்களுக்கு அந்தப் பேரைக் கேட்டா ஸ்வராஜ் மஸ்டா ஸ்கூல் வேன் தான் கண்ணு முன்னாடி வரும், 80கள்ல பஞ்சாப் டிராக்டர்ஸ் கூட கூட்டு சேந்து வேனும் சின்ன லாரியும் போட்டாங்களே அதான், காருன்னு ஒண்ணை அவங்க இந்தியாவுல விக்கவே இல்ல. யாழ்ப்பாணத்துக்காரங்ககிட்ட பேசினா அப்படியே தலைகீழ், ஜப்பான்ல இருந்து இறங்கின பழைய மஸ்டா ஃபமிலியா கார் அவங்க ஊர் ரோட்டுல நிறைய ஓடினதால மஸ்டான்னா ஒரு மரியாதையோட தான் பேசுவாங்க.

நான் ஓட்டுறது மஸ்டா 3 ஹேட்ச்பேக், 2019ல வந்த புது மாடல், 2 லிட்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். சீட்ல உக்காந்து ஸ்டியரிங்கை இழுத்து அட்ஜஸ்ட் பண்ணினதுமே உடம்பு நேரா இருக்கும், காலை ஒரு பக்கமா திருப்பி வச்சு ஓட்டுற வேலையே இல்ல, ஆக்ஸிலரேட்டர் பெடல் மேல இருந்து தொங்காம கீழ தரையில இருந்து எழும்பி நிக்கும், அதனால குதிகாலை ஊனிட்டு மெதுவா அழுத்தலாம், லாங் டிரைவ் போனா அதோட அருமை தெரியும். கியர்பாக்ஸ் 6 ஸ்பீடு சாதா ஆட்டோமேட்டிக், தனித்தனி கியர் இல்லாம பெல்ட்டுல ஓடுற சிவிடி கிடையாது, அழுத்தினா இன்ஜின் சும்மா ஊளையிடாம வண்டி நகரும். 114 கிலோவாட், டர்போ இல்ல, பறக்கும்னு நினைச்சு வாங்காதீங்க, ஆனா வளைவுல ஸ்டியரிங் திருப்பினா திருப்பின அளவுக்கு துல்லியமா திரும்பும், அதுல ஒரு சந்தோஷம் இருக்கு, அதை எழுதிப் புரியவைக்க முடியல, ஒருதடவை டெஸ்ட் டிரைவ் எடுத்துப் பாருங்க. உள்ள டேஷ்போர்டு, ஸ்விட்ச் எல்லாம் தொட்டுப் பாத்தா இந்த விலை கார் மாதிரியே இருக்காது.

இப்ப குறை. பின் சீட்டு இறுக்கம், உயரமான ஆள் முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்க முட்டி இடிக்கும், ஹேட்ச்பேக்ல பின் ஜன்னல் வேற குட்டி, அந்தப் பக்கத் தூண் அவ்ளோ தடிமன், ரிவர்ஸ் எடுக்கும்போது கேமராவை நம்பித்தான் ஆகணும். திரை டச் ஸ்க்ரீன் இல்ல, நடுவுல ஒரு குமிழைத் திருகித் திருகித்தான் எல்லாம் செய்யணும். ரோட்டுல இருந்து கண்ணை எடுக்கக் கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்களாம், எனக்கு பழகிடுச்சு, வீட்டுல இன்னும் திட்டு விழுது. செடான் எடுத்தா டிக்கி பெருசு, பார்வையும் கொஞ்சம் தெளிவு, ஆனா அழகு ஹேட்ச் தான்.

எல்லாரும் போற வழிய விட்டுட்டு இந்தக் கம்பெனி மட்டும் ஏன் இப்படி விசித்திரமா யோசிக்குதுன்னு தோணும்ல, அதுக்கு இவங்க பழைய கதை கொஞ்சம் தெரியணும், இவங்க சரித்திரமே இப்படித்தான். 1920ல ஹிரோஷிமாவுல கார்க் செய்யுற கம்பெனியா ஆரம்பிச்சாங்க, பாட்டில் மூடிக்குப் போடுறாங்களே அந்த கார்க் தான், டோயோ கார்க் கோக்யோன்னு பேரு. ஜுஜிரோ மட்சுதாங்கறவர் தலைமைக்கு வந்தப்புறம் மெஷின் பக்கம் திரும்பி 1931ல மூணு சக்கர சரக்கு வண்டி போட்டாங்க, அதுல தான் மஸ்டாங்கற பேரே வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்னைக்கு அணுகுண்டு விழுந்தப்ப ஃபேக்டரி ஊருக்கு வெளிய இருந்ததாலயும் நடுவுல ஹிஜியாமா குன்று மறைச்சதாலயும் கட்டடம் பெருமளவு தப்பிச்சுது, ஊருக்குள்ள ஆபீஸே இல்லாமப் போனதால மாகாண நிர்வாகம் கொஞ்ச நாள் இவங்க கட்டடத்துல இருந்துதான் நடந்துச்சு. அதே வருஷம் டிசம்பர்ல, அந்த இடிபாட்டுக்கு நடுவுல, திரும்ப மூணு சக்கர வண்டி தயாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஹிரோஷிமாக்காரங்க இன்னைக்கும் இதை சாதாரண கார் கம்பெனியா பாக்கறதில்ல. அந்த ஊர் பேஸ்பால் டீம் பேரே ஹிரோஷிமா டோயோ கார்ப், அந்த டோயோ இந்தக் கம்பெனியோட பழைய பேருல இருந்து வந்ததுதான்.

அடுத்தது தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 60கள் ஆரம்பத்துல ஜப்பான் அரசாங்கம் சின்ன சின்ன கார் கம்பெனிகளை எல்லாம் பெரிய கம்பெனிக்குள்ள சேத்துடலாம்னு யோசிச்சுது. ஜுஜிரோவோட மகன் ட்சுனெஜி மட்சுதா, வேற யாருகிட்டயும் இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருந்தாத்தான் பிழைக்க முடியும்னு ஜெர்மனிக்குப் போய் என்எஸ்யூங்கற கார் கம்பெனிகிட்ட, வாங்கெல்ங்கற ஜெர்மன் இன்ஜினியரோட ரோட்டரி இன்ஜினுக்கு லைசென்ஸ் வாங்கிட்டு வந்தாரு, 1961ல. இதுல பிஸ்டன் மேலயும் கீழயும் போற வேலையே கிடையாது, முக்கோணம் மாதிரி ஒரு ரோட்டர் ஒரு கூட்டுக்குள்ள சுத்திட்டே இருக்கும், அதிர்வு கம்மி, சைஸ் சின்னது, கேக்க நல்லா இருக்கும். ஆனா அந்த முக்கோணத்தோட மூணு முனையும் சுவத்தை உரசிட்டே ஓடணும், முனையில இருக்கற சீல் சரியா இல்லைன்னா உள்சுவர் முழுக்க வரி வரியா கீறல் விழும், இன்ஜின் சீக்கிரமே காலி. அந்தக் கீறலை மஸ்டாக்காரங்க சாத்தானோட நகக்கீறல்னு சொன்னாங்களாம். கெனிச்சி யமமோட்டோங்கற இன்ஜினியர் தலைமையில 47 பேரை உக்கார வச்சு வருஷக்கணக்கா அதோட மல்லுக்கட்டி, கார்பன்ல அலுமினியத்தைச் சேத்து ஒரு சீல் செஞ்சு, 1967ல காஸ்மோ ஸ்போர்ட்டுன்னு கார் விட்டாங்க. லைசென்ஸ் கொடுத்த என்எஸ்யூவும் அதே வருஷம் ரோ 80ன்னு ஒரு ரோட்டரி கார் விட்டுது, இன்ஜின் தொல்லையில வாரண்டி செலவு கழுத்தை நெரிச்சு 1969ல ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போயிடுச்சு. குருவால முடியாததை சிஷ்யன் முடிச்சுட்டான்.

முடிச்சதோட விட்டிருந்தா பரவால்ல, கிடைச்ச மாடல்ல எல்லாம் ரோட்டரியைப் போட்டுத் தள்ளினாங்க. 1973ல பெட்ரோல் விலை எகிறினதும் பெட்ரோல் குடிக்கிற ரோட்டரியை அமெரிக்காவுல சீந்துறதுக்கு ஆள் இல்ல, கம்பெனி மூழ்குற நிலைமை, சுமிட்டோமோ பேங்க் வந்து கை கொடுக்க, ஃபேக்டரி ஆளுங்களை டீலர்கிட்ட கார் விக்க அனுப்பி ஒருவழியா சமாளிச்சாங்க. 1979ல ஃபோர்டு நாலுல ஒரு பங்கு வாங்குச்சு. ஆஸ்திரேலியால ஓடின ஃபோர்டு லேசர் ஞாபகம் இருக்கா, தோலை உரிச்சா உள்ள ஃபமிலியா தான். 1996ல ஃபோர்டு பங்கை 33.4 சதவீதமா ஏத்தி ஹென்றி வாலஸ்ங்கறவரை தலைவரா உக்கார வச்சுது, ஜப்பான் கார் கம்பெனிக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் தலைவர் ஆனது அதான் முதல்தடவை. 2008க்கு அப்புறம் ஃபோர்டுக்கே பணமுடை, கொஞ்சம் கொஞ்சமா வித்துட்டு 2015ல முழுசா வெளிய போயிடுச்சு.

நடுவுல 1991ல பிரான்ஸ்ல நடந்த லெ மான் 24 மணி நேர ரேஸைச் சொல்லாம விட முடியாது. நாலு ரோட்டர் இன்ஜின் வச்ச 787பி, ஆரஞ்சும் பச்சையும், நம்பர் 55. மெர்சிடிஸ், ஜாகுவார் எல்லாம் 1000 கிலோ எடையோட ஓடணும்னு விதி, மஸ்டா முன்னாடியே போய் பேசிப் பேசி தன் காருக்கு மட்டும் 830 கிலோன்னு வாங்கிட்டாங்க, இவங்க எங்க ஜெயிக்கப் போறாங்கன்னு மத்தவங்களும் பெருசா கண்டுக்கல. கடைசி கட்டத்துல முன்னாடி போயிட்டு இருந்த மெர்சிடிஸ் சூடாகி நின்னுடுச்சு, மஸ்டா நிக்காம ஓடி ஜெயிச்சுடுச்சு. கடைசி ஷிஃப்ட் ஓட்டின ஜானி ஹெர்பர்ட் காரை விட்டு இறங்கினதும் தண்ணி வத்திப்போய் மயங்கினதால மேடைக்கே வர முடியல. ஜப்பான் கம்பெனி ஒண்ணு லெ மான் ஜெயிச்சது அதுதான் முதல், டொயோட்டாவுக்கு 2018 வரைக்கும் ஆச்சு. டொயோட்டாக்காரங்ககிட்ட வம்பு இழுக்க இதை நான் அடிக்கடி யூஸ் பண்ணுவேன்.

சரி, இப்ப ஓடுற காருக்கு வரேன். 2010க்கு அப்புறம் எல்லாரும் சின்ன டர்போ இன்ஜின், சிவிடின்னு போயிட்டு இருந்தப்ப இவங்க டர்போ வேணாம்னு சாதா பெட்ரோல் இன்ஜின்லயே கம்ப்ரஷனை, அதாவது எரியறதுக்கு முன்னாடி பெட்ரோல்-காத்து கலவையை அழுத்துற அளவை, ஏத்தி எரிபொருளை மிச்சம் பண்ணலாம்னு ஸ்கைஆக்டிவ்னு கொண்டு வந்தாங்க, 2012ல வந்த சிஎக்ஸ்-5 எஸ்யூவி அதுல தான் பேர் வாங்குச்சு. என் கார்ல கம்ப்ரஷன் 13க்கு 1, ஆனாலும் சாதா 91 ஆக்டேன் பெட்ரோல் போதும், ஹைவேல 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் பக்கத்துல வருது, சிட்டில 8ஐ தாண்டும், இந்த விஷயத்துல கொரோலா ஹைப்ரிட் கிட்டயே நிக்க முடியாது, பெட்ரோல் செலவு தான் முக்கியம்னா இதுக்கு மேல படிக்காம ஹைப்ரிட் வாங்கிடுங்க. இன்னொரு விஷயம், ரோட்டரிப் பித்து இன்னும் தெளியல, 2023ல எம்எக்ஸ்-30ங்கற சின்ன எஸ்யூவில பேட்டரி சார்ஜ் பண்ண ஒத்த ரோட்டர் இன்ஜினைக் கொண்டு வந்து வச்சிருக்காங்க.

பேரு எப்படின்னு கேட்டா, ஆஸ்திரேலியால இவங்களுக்குத் தனி செல்வாக்கு. 15 வருஷம் தொடர்ந்து முதலிடத்துல இருந்த ஹோல்டன் கமடோரை 2011ல கீழ இறக்கி நாட்டுலயே அதிகம் வித்த கார் ஆனது இந்த மஸ்டா 3 தான், 2012லயும் அதே. அமெரிக்காவுல கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகையோட 2020 நம்பகத்தன்மை சர்வேல டொயோட்டாவையும் லெக்ஸஸையும் தாண்டி முதலிடம், அடுத்த வருஷமே அந்த இடம் லெக்ஸஸுக்குப் போயிடுச்சு, ஆனாலும் அப்ப ரெண்டாவது இடத்துல இருந்தாங்க.

அதுக்காக உத்தமர்கள்னு நினைச்சுடாதீங்க. திரும்பத் திரும்ப ரிப்பேர் ஆன காருக்கு பணம் திருப்பிக் கேட்டவங்ககிட்ட அவங்களுக்கு சட்டத்துல இருக்கற உரிமையைப் பத்தி மஸ்டா ஆஸ்திரேலியா தப்பா சொல்லுச்சுன்னு நுகர்வோர் ஆணையம் கேஸ் போட்டு 2021ல ஃபெடரல் கோர்ட்டு ஆமா தப்புதான்னு தீர்ப்பு சொல்லி 2024ல 11.5 மில்லியன் டாலர் அபராதம் போட்டுது. அதே 2024ல ஜப்பான்லயே, காரை விக்க அனுமதி வாங்கறதுக்கான சர்டிஃபிகேஷன் டெஸ்ட்டுல முறைகேடுன்னு டொயோட்டா, ஹோண்டா, சுசுகி, யமஹாவோட சேத்து மஸ்டாவும் மாட்டுச்சு, மஸ்டா 2வையும் ரோட்ஸ்டர் ஆர்எஃபையும் (எம்எக்ஸ்-5க்கு ஜப்பான்ல அதான் பேரு) கொஞ்ச நாள் அனுப்பாம நிறுத்தி வச்சாங்க. கார் நல்லதுங்கறது வேற, கம்பெனி நடந்துக்கறது வேற. அதனால செகண்ட் ஹேண்டோ புதுசோ, எந்த டீலர்கிட்ட வாங்கினாலும் பேசினதை எல்லாம் ஈமெயில்ல வாங்கி வச்சுக்கோங்க, 2019ல வந்த புது காருக்கு 5 வருஷம் கிலோமீட்டர் கணக்கு இல்லாத வாரண்டி இருந்துச்சு, வாரண்டில மீதி எவ்ளோன்னு செகண்ட் ஹேண்ட் வாங்கறப்ப கேட்டுக்கோங்க.

வாங்கறவங்களுக்கு சுருக்கமா என் கருத்து. மஸ்டா 3, சிஎக்ஸ்-5 ரெண்டுலயும் டர்போ இல்லாத பெட்ரோல் எடுத்தா பெருசா பயப்பட ஒண்ணும் இல்ல. பழைய 2.2 டீசல் சிஎக்ஸ்-5 மலிவா கிடைக்கும், சிட்டிக்குள்ள கிட்ட கிட்ட ஓடுறவங்க அதைத் தொடாதீங்க, கார்பன் அடைப்பு, ஆயில்ல டீசல் கலக்கறதுன்னு அதுக்குக் கெட்ட பேரு இருக்கு. ரோட்டரி இன்ஜின் வச்ச ஸ்போர்ட்ஸ் கார் ஆர்எக்ஸ்-8 பாக்க சூப்பரா இருக்கும், விலையும் ஆசை காட்டும், ஆனா அது கரும்பு தின்ற யானையை வீட்டுல கட்டின மாதிரி, பெட்ரோலும் குடிக்கும் இன்ஜின் ஆயிலும் குடிக்கும், கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம கிட்டயே போகாதீங்க. குட்டி ஸ்போர்ட்ஸ் கார் எம்எக்ஸ்-5 வாங்குற வசதியும் ரெண்டு சீட்டு மட்டும் போதும்ங்கற குடும்ப சூழ்நிலையும் இருந்தா நீங்க ஏன் இதை படிச்சுட்டு இருக்கீங்க, போய் வாங்குங்க, 1989ல இருந்து 10 லட்சத்துக்கு மேல தயாரிச்ச காரு, ஸ்பேர் பார்ட்ஸுக்கு பஞ்சமில்ல.

சர்வீஸ் செலவு டொயோட்டாவை விட கொஞ்சம் கூட வரும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க. கலர்ல சோல் ரெட் சிவப்பைத்தான் எல்லாரும் கேப்பாங்க, வெயில்ல பாத்தா மயக்கும், ஆனா புதுசு வாங்கினா தனிக் காசு, பம்பர்ல ஒரு கீறல் விழுந்தா அடுக்கடுக்கா அடிச்ச பெயிண்ட்டுங்கறதால அதே நிறம் கொண்டு வர பெயிண்டர் தலையைச் சொறிவான், பில்லும் ஏறும். பார்க்கிங்ல அடுத்தவன் கதவு இடிக்கிற ஏரியாவுல இருக்கறவங்க சாம்பல் கலர் எடுங்க.